கண் மஞ்சளித்தால் படம் பிடித்துப் பாருங்கள்!

(குறிஞ்சிப்பாடியில் ஆலைத் தொழிலாளர்களும் நெசவாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வயல் வேலை முடித்துக் கைகால் கழுவிய ஈரம் காயுமுன்பே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்களும் வந்திருக்கிறீர்கள். ஆகவே நாம் சுற்றி வளைத்துப் பேசப் போவதில்லை.

கூலியைப் பற்றியும், போனஸைப் பற்றியும், நிலத்தைப் பற்றியும் நாம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது நம் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சிறு குழாயைப் பற்றி. பென்சில் பருமன்கூட இல்லாத குழாய் அது. அது அடைபட்டால் ஆள் படுக்கிறார். கூலி நிற்கிறது. தொழுவத்தில் கட்டிய ஆடு சந்தைக்குப் போகிறது. சில சமயம் உயிரே போய்விடுகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரி. பெயர் வேண்டாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். ஒரு நாள் கண் மஞ்சளித்தது. வீட்டார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். உப்பில்லாப் பத்தியம் வைத்தார்கள். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. மஞ்சள் குறையவில்லை, ஏறியது. உடம்பெல்லாம் அரிப்பு, சொறிந்து சொறிந்து புண்ணாயிற்று. மூன்றாவது வாரம் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது, நினைவு தடுமாறியது. அப்போதுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். கால் மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. பித்தக் குழாயில் கல். கல்லை எடுத்தார்கள், அந்தச் சகோதரி பிழைத்தார். ஆனால் இரண்டு மாதக் கூலி போயிற்று, கடன் ஏறிற்று. முதல் வாரத்திலேயே அந்தக் கால் மணி நேரப் படம் எடுக்கப்பட்டிருந்தால்? இந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு.

காமாலை ஒரே நோயல்ல

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தூக்கி எறிவோம். மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, ஓர் அடையாளம். புகை தெரிந்தால் எங்கோ எரிகிறது என்று அர்த்தம். வைக்கோல் போர் எரிகிறதா, வீடு எரிகிறதா என்று போய்ப் பார்த்தால்தானே தெரியும்? அதுபோலத்தான் இதுவும்.

நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உழைக்கின்றன, பிறகு அழிகின்றன. அழிந்த அணுவிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் கழிவு உண்டாகிறது. ஈரல் அதை ரத்தத்திலிருந்து வாங்கி, பித்த நீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு நிறம் கொடுப்பது இந்தக் கழிவுதான். இந்த வேலையில் மூன்று இடங்களில் தடங்கல் வரலாம்.

ஒன்று, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி அழிவது.

இரண்டு, ஈரலே நோய்ப்படுவது. சாக்கடை கலந்த குடிநீரால் வரும் ஹெபடைடிஸ் கிருமிகள், சாராயம், சில மருந்துகள், இவையெல்லாம் ஈரலைத் தாக்கும். சேற்றில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகலாம்.

மூன்று, ஈரல் நன்றாக வேலை செய்தும் பித்தநீர் போகும் பாதை அடைபடுவது. இதுதான் அடைப்புக் காமாலை.

கண்ணைப் பார்த்தால் மூன்றும் ஒரே மஞ்சள்தான். ஆனால் மருத்துவம் மூன்றுக்கும் வேறு வேறு. தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் எந்த வேரைக் குடித்திருந்தாலும் அந்த வேருக்குத்தான் பெயர் போகும். கையில் சூடு போட்டிருந்தால் சூட்டுக்குத்தான் புகழ் சேரும்.

நாம் நாட்டு மருந்தை இழிவு செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. கீழாநெல்லியை விஞ்ஞானிகளும் எடுத்துச் சோதித்தார்கள். சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய சகாக்களும் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் கண்டதாக 1988ல் லண்டன் மருத்துவ ஏடான லான்செட்டில் எழுதினார்கள். பிறகு வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வாதம் எப்படியானாலும் ஒன்று நிச்சயம். குழாயில் சிக்கிய கல்லை எந்த இலையும் நகர்த்தாது.

வாய்க்காலும் மதகும்

பெருமாள் ஏரிப் பாசனத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஈரலை ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை அது பித்தநீர் சுரக்கிறது. ஈரலுக்குள் சிறு சிறு கால்கள் ஒன்றுசேர்ந்து இரண்டு வாய்க்காலாகி, வெளியே வந்து ஒரே வாய்க்காலாகிறது. வழியில் பித்தப்பை என்ற சின்னக் குட்டை அதோடு சேர்கிறது. பிறகு கணையத்தின் தலைப்பகுதி வழியாகப் போய், ஒரு சிறு மதகைத் தாண்டி, சிறுகுடலில் விழுகிறது.

வாய்க்கால் அடைபட்டால் என்ன நடக்கும்? அடைப்புக்குக் கீழே காயும். மேலே தேங்கிக் கரை அகலும். வயிற்றிலும் அதேதான். கீழே, குடலுக்குப் பித்தம் போகாததால் மலம் வெளுத்துக் களிமண் நிறமாகிறது. மேலே, தேங்கிய பித்தம் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீர் கடும் டீ நிறமாகிறது, தோல் அரிக்கிறது. குழாயோ அகன்றுவிடுகிறது. சாதாரணமாக ஆறேழு மில்லிமீட்டருக்குள் இருக்கும் குழாய், பத்து, பதினைந்து என்று விரியும். டாக்டர் படத்தில் முதலில் தேடுவது இந்த விரிவைத்தான்.

அடைப்பது எது? பெரும்பாலும் பித்தப்பையில் உண்டான கல், நழுவி வந்து சிக்குவது. சர்க்கரை ஆலையில் சாறு காய்ச்சும் குழாய்களில் படிவு கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள். பித்தத்தில் கரைந்திருக்கும் பொருள்களும் அப்படி உறைந்து கல்லாகின்றன. சில சமயம் நாக்குப் பூச்சி குடலிலிருந்து மேலேறிக் குழாய்க்குள் நுழைவதுண்டு. வயதானவர்களுக்குக் கணையத்தின் தலையிலோ, குழாயிலேயோ புற்றுக்கட்டி வளர்ந்து நெரிப்பதுண்டு. கல்லென்றால் பெரும்பாலும் வலிக்கும். கட்டியோ பல சமயம் வலியே இல்லாமல் நாளுக்கு நாள் மஞ்சளை ஏற்றிக்கொண்டே போகும். “வலி இல்லையே, பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லும் பெரியவர்தான் அவசரமாகப் போகவேண்டியவர். நமக்குத் தெரிந்த ஒரு வயதான நெசவாளி அப்படிச் சொல்லியே மூன்று மாதம் கழித்தார். படம் எடுத்தபோது கட்டி அறுத்தெடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

கொதிகலனிலிருந்து வயிற்றுக்கு

வயிற்றைக் கிழிக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடி விஞ்ஞானம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது.

1895ல் ஜெர்மனியில் ரோண்ட்ஜன் எக்ஸ்-ரே கதிரைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பேட்டண்ட் எடுத்துக் காசாக்கவில்லை. எலும்பு தெரிந்தது. ஆனால் பித்தக்குழாய் தெரியவில்லை. கற்களிலும் பத்தில் ஒன்றிரண்டுதான் எக்ஸ்-ரேயில் தெரியும். 1924ல் அமெரிக்காவில் கிரஹாம், கோல் என்ற டாக்டர்கள் ஒரு மருந்தை உடம்புக்குள் செலுத்தி, அது பித்தத்தில் கலந்தபின் பித்தப்பையை எக்ஸ்-ரேயில் பார்த்தார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் காமாலை முற்றியவரிடம் அது பலிக்கவில்லை. அடைபட்ட ஈரல் அந்த மருந்தைப் பித்தத்தில் இறக்குவதில்லை. யாருக்கு அவசியமோ அவருக்கு உதவவில்லை!

1937ல் வியட்நாமின் ஹனோய் நகரத்தில், ஹுவார் என்ற பிரெஞ்சு டாக்டரும் தோ சுவான் ஹோப் என்ற வியட்நாமிய டாக்டரும் வேறு வழி கண்டார்கள். விலாப்பக்கமாக ஊசியை ஈரலுக்குள் செலுத்தி, விரிந்த குழாயிலேயே நேராக மருந்தை விட்டுப் படம் எடுத்தார்கள். அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு கிழக்கு நாட்டில் செய்த வேலை அது. 1974ல் ஜப்பானியர்கள் இதையே மெல்லிய ஊசியால் செய்து அபாயத்தைக் குறைத்தார்கள்.

ஆனால் ஏழை வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த கருவி எது? நாம் ஸ்கேன் என்று சொல்லும் ஒலிப்படக் கருவிதான். அதன் பிறப்பு ஆஸ்பத்திரியில் அல்ல, தொழிற்சாலையில்!

மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அதற்கு மேலே உள்ள ஒலி நமக்குக் கேட்காது. முதல் உலகப்போரில், 1917ல், நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க இந்த ஒலியைப் படிகக் கல்லால் உண்டாக்கிக் காட்டினார் பிரெஞ்சு விஞ்ஞானி பால் லாங்கெவின். பின்னாளில் ஹிட்லரின் படை அவரைக் கைது செய்தது. 1944ல் அவர் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். 1928ல் லெனின்கிராடில் சோகலோவ் என்ற சோவியத் விஞ்ஞானி, இந்த ஒலியை இரும்புக்குள் அனுப்பினால் உள்ளே உள்ள விரிசலைக் கண்டுபிடிக்கலாம் என்று எடுத்துச் சொன்னார். அதன்பின் ஆலைகளில் இரும்பைச் சோதிக்கும் கருவி வந்தது.

1955 ஜூலையில், ஸ்காட்லாந்து நாட்டில் இயான் டொனால்ட் என்ற டாக்டர், நோயாளிகளிடமிருந்து அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூ ஊரில் உள்ள பாப்காக் அண்டு வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். கொதிகலனில் விரிசல் பார்க்கும் கருவியை அந்தக் கட்டிகள்மேல் வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டி ஒருவிதமாகவும், சதைக்கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன! டாம் பிரவுன் என்ற இளம் எஞ்சினியர் அவரோடு சேர்ந்து புதுக்கருவி செய்தார். 1958ல் லான்செட்டில் செய்தி வெளிவந்தது. வயிற்றில் ஆறாத புற்று என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அது புற்றல்ல, கருப்பையருகில் வளர்ந்த நீர்க்கட்டி என்று அந்தக் கருவி காட்டியது. அறுத்தெடுத்தார்கள், அவர் பிழைத்தார்.

பக்கத்து நெய்வேலியை நினைத்துப் பாருங்கள். அங்கே சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962ல் ஓடத் தொடங்கி, 2020ல் மூடப்பட்டது. அனல்மின் நிலையக் கொதிகலனின் குழாய் தேய்ந்துவிட்டதா என்று இன்றும் ஒலியை அனுப்பித்தான் அளக்கிறார்கள். கொதிகலன் குழாய்க்கு நேரத்தோடு சோதனை உண்டென்றால், அதை ஓட்டும் மனிதனின் குழாய்க்கு வேண்டாமா?

எந்தப் படம் எதற்கு?

இப்போது ஒவ்வொரு படமாகச் சொல்லுகிறோம். மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் வயிற்று ஸ்கேன். ஸ்கேன் என்றால் கர்ப்பிணிகளுக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வயிற்றில் பசைபோன்ற ஜெல்லைத் தடவி, கைக்கருவியை வைத்து நகர்த்துகிறார்கள். விநாடிக்குச் சில லட்சங்கள் அல்ல, சில பத்து லட்சம் அதிர்வுள்ள ஒலி உள்ளே போய் எதிரொலித்துப் படமாகிறது. வலி இல்லை, கதிர் இல்லை, செலவும் மற்றப் படங்களைவிடக் குறைவு. குழாய் விரிந்திருக்கிறதா, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று இது நன்றாகச் சொல்லும். குழாய் விரியவில்லையென்றால் அதுவும் பெரிய செய்திதான். டாக்டர் கிருமி, எலிக்காய்ச்சல், சாராயம் என்று மற்றக் காரணங்களைத் தேடப் போவார்.

இதற்கு ஒரு குறை உண்டு. ஒலி காற்றைத் தாண்டாது. குடலில் காற்று நிறைந்திருந்தால் குழாயின் கீழ்ப்பகுதி மறைந்துவிடும். அங்கே சிக்கிய கல் பல சமயம் தப்பிவிடும். ஆகவே ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு போகவேண்டும். பால் டீ ஒரு கிளாஸ் குடித்தாலே பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது. பீடியும் வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ரத்தச் சோதனையும் மஞ்சளும் அடைப்பு என்று சொல்லுகின்றன. அப்போது “ஒன்றுமில்லை” என்று வீடு திரும்பக் கூடாது. அடுத்த படம் என்ன என்று கேட்கவேண்டும்.

இரண்டாவது, சி.டி. ஸ்கேன். 1971ல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்ட் செய்த கருவி. எக்ஸ்-ரேயைச் சுற்றிச் சுற்றிச் செலுத்தி, உடம்பை வாழைத்தண்டு நறுக்கியதுபோல் துண்டு துண்டாகக் காட்டும். கணையத்தில் கட்டி உண்டா, எவ்வளவு பரவியிருக்கிறது, அறுக்க முடியுமா என்பதைச் சொல்ல இது சிறந்தது. ஆனால் எல்லாக் கல்லும் இதில் தெரியாது. கதிர் உண்டு. ஆகவே கர்ப்பமாக இருந்தால் சொல்லிவிடவேண்டும். நரம்பில் அயோடின் மருந்து ஏற்றுவார்கள். சிறுநீரகக் கோளாறோ, நீரிழிவோ, மருந்து ஒவ்வாமையோ இருந்தால் மறைக்காமல் சொல்லவேண்டும்.

மூன்றாவது, எம்.ஆர்.சி.பி. என்ற படம். எம்.ஆர்.ஐ. யந்திரத்திலேயே எடுப்பது. 1991ல்தான் இந்த முறை வெளியாயிற்று. ராத்திரி நிலவில் வயலைப் பார்த்திருக்கிறீர்களா? தேங்கி நிற்கும் தண்ணீர் மட்டும் வெள்ளியாக மின்னும், வரப்பு கறுத்துக் கிடக்கும். இந்தப் படமும் அப்படித்தான். காந்த சக்தியால், நின்ற நீர் மட்டும் வெண்மையாகத் தெரியும்படி எடுக்கிறார்கள். பித்த வாய்க்கால் முழுவதும் வெள்ளை மரம்போலத் தெரியும். கல் இருக்குமிடம் கறுப்புப் பொட்டாகத் தெரியும். ஊசி குத்தி மருந்து ஏற்ற வேண்டியதில்லை, எக்ஸ்-ரே கதிரும் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. யந்திரம் பெரிய காந்தம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் சொல்லவேண்டும். முக்கியமாக, லேத்திலும் கிரைண்டரிலும் வெல்டிங்கிலும் வேலை செய்கிற தோழர்களே, உங்கள் கண்ணில் என்றாவது இரும்புத் தூள் பாய்ந்திருந்தால் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். உள்ளே தங்கிய தூளைக் காந்தம் அசைத்தால் பார்வையே போய்விடக்கூடும். சந்தேகமிருந்தால் முதலில் கண்ணை எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

நான்காவது, இ.ஆர்.சி.பி. வாய் வழியாகக் கேமராக் குழாயை இறக்கி, நாம் சொன்ன அந்தச் சிறு மதகை அடைந்து, மருந்து விட்டு எக்ஸ்-ரேயில் பார்ப்பது. 1968ல் அமெரிக்காவில் முதலில் செய்தார்கள். 1974ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் மதகின் வாயைச் சற்று வெட்டிக் கல்லை வெளியே எடுத்துக் காட்டினார்கள். வயிற்றைக் கிழிக்காமலே கல் வந்துவிட்டது! ஆனால் நூற்றில் சிலருக்கு இதனால் கணையம் வீங்கித் தொல்லை வரும். ஆகவே வெறும் பார்வைக்காக இதை இப்போது செய்வதில்லை. முதலில் மற்றப் படங்களால் அடைப்பை உறுதி செய்துகொண்டு, எடுக்க வேண்டியதை எடுக்கவே செய்கிறார்கள். வாய்வழியே முடியாதபோது, ஹனோய் டாக்டர்கள் காட்டிய வழியில் விலாப்பக்க ஊசியால் பித்தத்தை வடிக்கிறார்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கட்டியினாலோ, கல் முழுவதும் வராததாலோ குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழலை வைத்து அனுப்புவார்கள். மஞ்சள் இறங்கும், அரிப்பு நிற்கும். “குணமாகிவிட்டது” என்று அறுவடைக்குப் போய்விடுவோம். தோழர்களே, பிளாஸ்டிக் ஸ்டென்ட் நிரந்தரமல்ல. சுமார் மூன்று மாதத்தில் அதுவே அடைபட ஆரம்பிக்கும். எடுக்கவோ மாற்றவோ கொடுத்த தேதியை மறந்தால் சீழ்பிடித்துக் காய்ச்சல் வரும், உயிருக்கே ஆபத்து. அந்தத் தேதியை வீட்டுச் சுவரில் கரியால் எழுதிவையுங்கள். சங்கத்திலும் சொல்லிவையுங்கள். நாம் ஞாபகப்படுத்துவோம்.

காத்திருக்கக் கூடாத இரண்டு சமயம்

ஒன்று, மஞ்சளோடு வயிற்று வலியும் குளிர் நடுக்கக் காய்ச்சலும் சேர்வது. 1877லேயே பிரெஞ்சு டாக்டர் ஷார்க்கோ இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லி வைத்தார். தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 108க்குப் போன் செய்யுங்கள், வண்டிக்குக் காசில்லை.

இரண்டு, பச்சைக் குழந்தை. பிறந்த சில நாளில் வரும் மஞ்சள் பெரும்பாலும் தானே போய்விடும். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நீடித்து, மலம் வெளுத்திருந்தால், “பால் மாறியது, வெயிலில் காட்டு” என்று சும்மா இருக்கலாகாது. சில குழந்தைகளுக்குப் பித்தக்குழாயே மூடிப்போகிறது. 1959ல் ஜப்பானில் கசாய் என்ற டாக்டர் இதற்கு ஓர் அறுவை முறையை வெளியிட்டார். அந்த அறுவை பிறந்து 60 நாளைக்குள் நடந்தால் நல்ல பலன் கிடைக்க அதிக வாய்ப்புண்டு. நாள் தள்ளத் தள்ள வாய்ப்புக் குறையும். தாய்மார்களே, குழந்தையின் துணியில் உள்ள மலத்தின் நிறத்தைப் பாருங்கள். நீங்கள் பார்த்துச் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

படம் யாருக்குக் கிடைக்கிறது?

“எல்லாம் சரி, எங்கே போவது? காசுக்கு என்ன செய்வது?” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

குறிஞ்சிப்பாடியிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் போகக்கூடிய தூரத்தில் கடலூர் சர்க்கார் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அது 2021ல் சர்க்காரின் சுகாதார இலாகாவுக்கு வந்தது. சர்க்கார் கட்டணமே வேண்டும் என்று மாணவர்கள் வாரக்கணக்கில் போராடியதை நாம் மறந்துவிடவில்லை. அதற்கும் மேலே புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. 1994ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. நிலையங்களை நடத்துகிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012ல் வந்தது. அதற்குரிய குடும்ப வருமான வரம்பு 2022ல் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த அட்டை இன்னும் வாங்காத குடும்பம் நம்மில் எத்தனை? நோய் வந்தபின் அட்டைக்கு அலைவது, வெள்ளம் வந்தபின் கரை போடுவதற்குச் சமம்.

ஆலைத் தோழர்களுக்கு 1948ம் வருஷச் சட்டத்தால் வந்த ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. வைத்தியம் மட்டுமல்ல, உரிய நாள்கள் சந்தா கட்டியிருந்தால் வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஆனால் நாற்று நடும் சகோதரிக்கு? வீட்டில் தறி ஓட்டும் நெசவாளிக்கு? படுத்த நாளுக்குக் கூலி இல்லை. அதனால்தான் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். அறியாமை மட்டும் காரணமல்ல, தோழர்களே. ஒரு நாள் ஸ்கேனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. துணைக்கு வருகிறவருடைய கூலியும் போகிறது. “ஏன் முன்னாலேயே வரவில்லை?” என்று கோபிக்கிற டாக்டரும் இதை அறியவேண்டும்.

ஆகவே நாம் செய்யவேண்டியவை மூன்று.

முதலாவது, தாலுகா ஆஸ்பத்திரிக்கு நாலு பேராகப் போய்க் கேட்போம். வயிற்று ஸ்கேன் எந்தெந்த நாளில் எடுக்கப்படுகிறது? பார்த்துச் சொல்லும் டாக்டர் எத்தனை மணிக்கு இருப்பார்? பதிலை எழுதிச் சங்கத்து வாசலில் ஒட்டுவோம். நாள்கள் போதாதென்றால் போதும்வரை கேட்போம். யந்திரம் இருந்தும் இயக்க ஆளில்லாத நிலைமையை எங்கேயும் பொறுத்துக்கொள்ளலாகாது.

இரண்டாவது, ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் பொறுப்பேற்போம். யாருக்காவது கண் மஞ்சளித்தால் அந்த வாரமே ரத்தச் சோதனையும் ஸ்கேனும் நடக்கும்படி பார்த்துக்கொள்வோம். கூட யாரும் இல்லாதவருக்கு நாம் துணை போவோம்.

மூன்றாவது, ஸ்கேன் முடிந்ததும் கேட்கவேண்டிய நாலு கேள்வியை மனப்பாடம் செய்வோம். குழாய் விரிந்திருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர்? அடைப்பு எந்த இடத்தில்? அடைப்பது கல்லா, கட்டியா, வேறு எதுவா? அடுத்து என்ன செய்யவேண்டும், எந்தத் தேதிக்குள்? கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். உடம்பு நம்முடையது. படத்தையும் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்து, அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். பழைய படம் இருந்தால் டாக்டருக்கு வேலை விரையும். நமக்குச் செலவும் மிஞ்சும்.

தோழர்களே! இந்தக் கருவியின் பின்னால் பாரிசின் படிகக் கல்லும், லெனின்கிராடின் இரும்புச் சோதனையும், ஸ்காட்லாந்துத் தொழிலாளிகளின் கொதிகலன் பட்டறையும் இருக்கின்றன. உழைப்பாளியின் பட்டறையில் பிறந்த கருவி உழைப்பாளியின் வயிற்றைப் பார்க்காமல் வேறு யாருடைய வயிற்றைப் பார்ப்பதற்கு?

இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். நாளைக் காலையில் வெளிச்சம் வந்தபின், வீட்டில் உள்ள ஒவ்வொருவருடைய கண்ணின் வெள்ளையையும் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். சங்கத்துக்கு வாருங்கள். நாம் சேர்ந்தே போவோம்.